செல்வி கேட்ட கேள்வி

அன்புள்ள கமலா,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். முறுக்கு வந்து சேர்ந்தது. வழியில் பாதி நொறுங்கிவிட்டது, ருசி அப்படியே உன் அம்மா கை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு அதில் இருந்த ஒரு வரிதான் காரணம். "இந்த வயசில் உனக்கு எதுக்குடி எம்.ஏ. தத்துவம்? எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கிறது?" என்று கேட்டிருந்தாய். கோபத்தில் எதையாவது எழுதிவிடுவேனோ என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் செல்வி வந்துபோன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் போய் நாலு மாதம் ஆகிறது. மாமியார் வருஷ திவசம் வரை எங்கேயும் போகக் கூடாது என்கிறார். மகன் "போதும்மா, எழுந்து வா" என்கிறான். வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "நீ இதையெல்லாம் படிக்கிறாயே, எவ்வளவு நாள் அழலாம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?"

எழுதியிருக்கிறது, கமலா. ஆனால் ஒரே பதிலாக இல்லை.

சீன ஞானி கன்பூசியஸிடம் இதே கேள்வியை ட்சாய் வோ என்ற சீடன் கேட்கிறான். பெற்றோர் இறந்தால் மூன்று வருஷம் துக்கம் காப்பது சீனாவில் வழக்கம் (கணக்குப்படி 25 மாதம்). ஒரு வருஷம் போதாதா, பழைய நெல் தீர்ந்து புது நெல்லே வந்துவிடுகிறதே என்கிறான். அதற்குள் நல்ல சோறும் பட்டும் உனக்கு ஒட்டுமா என்று குரு கேட்கிறார். "ஒட்டும்." "அப்படியானால் செய்." அவன் போன பிறகு மற்றவர்களிடம் வருத்தப்படுகிறார்: பிள்ளை பிறந்து மூன்று வருஷம் பெற்றோரின் கையை விட்டு இறங்குவதில்லையே, அந்த அன்பு இவனுக்குக் கிடைக்கவில்லையா? இத்தனை சொன்னவர், பிரியமான சீடன் யான் ஹுய் இறந்தபோது அளவு மீறி அழுதார். சீடர்கள் தடுத்தபோது, இவனுக்கு அழாமல் வேறு யாருக்கு அழுவேன் என்றார்.

கி.மு. 479-இல் கன்பூசியஸ் மறைந்த பிறகு வந்த இன்னொரு சீனச் சிந்தனையாளர் மோசி இந்த மூன்று வருஷ துக்கத்தை முழுக்க எதிர்த்தார். மூன்று வருஷம் பட்டினி கிடந்து கோல் ஊன்றி நடந்தால் உழவன் எப்படி உழுவான்? மூன்று அங்குலப் பலகையில் பெட்டி செய்து புதைத்துவிட்டு வேலைக்குத் திரும்பு என்றார். செல்வியின் மகன் கட்சி. அவனும் கல் நெஞ்சுக்காரன் இல்லை, மோசியும் அப்படி இல்லை. ஏழை வீட்டில் ஒரு சாவு எவ்வளவு கடனை ஏற்றிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

அப்புறம் ஜுவாங்சி, அவரும் ஒரு சீன ஞானி. மனைவி இறந்த துக்கம் விசாரிக்க நண்பர் ஹுய்சி போனால், அவர் காலை விரித்து உட்கார்ந்து ஒரு பாண்டத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னதும் செல்வி எரிந்து விழுந்தாள்: "பொண்டாட்டி செத்ததுக்குப் பாட்டா? ஆம்பளைதானே!" அவர் சொன்ன காரணத்தையும் சொன்னேன். முதலில் எனக்கும் துக்கம்தான். பிறகு அவள் பிறப்பதற்கு முன்பு இருந்த நிலையை நினைத்துப் பார்த்தேன், உயிரும் இல்லை, உருவும் இல்லை. மாறி வந்தவள் மாறிப் போயிருக்கிறாள், நாலு பருவமும் மாறுவது போல என்கிறார். செல்வி வெகுநேரம் பேசவில்லை. பிறகு யான் ஹுய்க்கு அழுத இடத்தை மறுபடி சொல்லச் சொன்னாள்.

நம் மணிமேகலையிலேயே இருக்கிறதே. சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து வந்து இறந்துபோன சார்ங்கலனுக்காக, பார்வையில்லாத தாய் கோதமை காவல் தெய்வம் சம்பாபதியிடம் முறையிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்கிறாள். தெய்வம், அவனவன் வினை, என்னால் முடியாது என்கிறது. தேவர்கள் எல்லோரையும் வரவழைத்துக் கேட்க வைத்தாலும் பதில் மாறவில்லை. தெய்வமே "முடியாது" என்று சொல்கிற இடம் அது. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைக்கிற சிவனும் இந்தச் சம்பாபதியும் ஒன்றைத்தான் சொல்கிறார்களா? நீயே சொல்.

"எல்லாம் ஒன்றுதான்" என்று நாம் நல்ல மனசோடுதான் சொல்கிறோம், சண்டை வேண்டாம் என்று. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் இவர்களில் ஒருவர் பேச்சையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. செல்வி கேட்டபோது அந்த வரியைச் சொல்லியிருந்தால் என்னிடம் அவளுக்குக் கொடுக்க வேறெதுவும் இருந்திருக்காது. இத்தனை பேர் இத்தனை விதமாக யோசித்திருக்கிறார்கள், தனக்கு ஒட்டுவதை அவள் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குத்தான்டி படிக்கிறேன்.

ஆடியில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா? உன் அப்பாவின் மணிமேகலை உரைப் புத்தகத்தை எடுத்து வா, மூன்று பேரும் சேர்ந்து படிப்போம். செல்விக்கு ஒரு போன் போடு. மூன்று மணிக்கு மேல் போடு, அப்போதுதான் மாமியார் தூங்குவார்.

அன்புடன்,
விஜயா