மசாஜுக்குப் போகும் முன் இதைப் படி

தாயி,

பார்லரில் கர்ப்பிணிகளுக்கென்றே மசாஜ் இருக்கிறதாம், போகலாமா என்று போனில் கேட்டாய். பக்கத்தில் உன் மாமியார் இருந்ததால் சும்மா ம்ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். போகலாம். ஐந்து மாதம் முடிந்துவிட்டது, ரத்தப்போக்கோ பிரஷரோ இல்லை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடுப்பு கடுக்கிறது என்கிறாய், பதமாக யாராவது பிடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். உன் டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

முதல் மூன்று மாதத்தில் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். மசாஜால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் தானாகக் கலைவதும் அந்த மாதங்களில்தான் அதிகம், பழி நம் மேல் வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். நீ அதைத் தாண்டிவிட்டாய்.

அங்கே போனதும், என்னை எப்படிப் படுக்க வைப்பீர்கள் என்று கேள். மல்லாக்க என்றோ குப்புற என்றோ சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு. 20 வாரத்துக்கு மேல் மல்லாக்க வெகுநேரம் படுத்தால், கர்ப்பப்பையின் பாரம் காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அமுக்கிவிடும், தலை சுற்றும், பிள்ளைக்குப் போகிற ரத்தமும் குறையும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலுக்கு இடையில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் ஒன்று. கழுத்து, தோள்பட்டை, முதுகு, கை, பாதம் போதும். அதுவும் வலிக்க வலிக்க அமுக்கக் கூடாது, இந்தச் சமயத்தில் மூட்டெல்லாம் இளகிக் கிடக்கும்.

கெண்டைக்காலை மட்டும் யாரையும் அழுத்த விடாதே. நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் நர்ஸாக இருந்தபோது, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் மாசமாக இருந்தாலும் சாயங்காலம் கால் உளைகிறது என்று பிள்ளைகளை ஏறி மிதிக்கச் சொல்வார்கள், நான் போய்ச் சத்தம் போடுவேன். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்பத்திலேயே ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறிவிடும். காலில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்து, அது தெரியாமல் உருவிவிட்டால் கழன்று நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் மசாஜ் இல்லை, நேரே ஆஸ்பத்திரி. முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் இருந்தாலும் அப்படித்தான்.

எண்ணெய் என்றால் சாதாரண நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதும். கற்பூரம் போட்டுக் காய்ச்சுவது வேண்டாம். மாப்பிள்ளை கிரிக்கெட்டுக்குப் போய்வந்து தேய்க்கிறாரே, அந்த வலி ஜெல்லையும் டாக்டர் சொல்லாமல் தொடாதே. நீராவி அறையும் வேண்டாம்.

இனி முக்கியமானது. வளைகாப்பு முடிந்து நீ இங்கே வந்ததும், பிள்ளை குறுக்கே கிடக்கு, வயிற்றைத் தடவித் திருப்பிவிடுகிறேன் என்று தெருவில் யாராவது கிளம்பி வருவார்கள், உன் அத்தையே கூட்டிக்கொண்டு வருவாள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அமுக்குகிற வேகத்தில் அது பிய்ந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பெரும்பாலான பிள்ளைகள் 36 வாரத்துக்குள் தானாகவே தலை திரும்பிவிடும். திரும்பாவிட்டால் டாக்டர்கள் ஸ்கேன் பார்த்து, ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் திருப்பிப் பார்ப்பார்கள். நம் வீட்டுத் திண்ணையில் அது நடக்காது. அத்தையிடம் நீ பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ரயிலுக்குக் கீழ் பெர்த்தாகப் பார்த்து இப்போதே டிக்கெட் போடச் சொல். உட்கார்ந்தே வராதே, அவ்வப்போது எழுந்து நாலு அடி நடந்து, கணுக்காலை ஆட்டிக்கொண்டே வா.

அம்மா