டம்ளர் முளைப்பும் தண்ணீர் அளவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவர் பக்கத்தில் பாசிப்பயறு முளைக்கவைக்கும் சோதனையைப் போட்டிருந்தது மிக நல்ல காரியம். ஆனால் ‘பஞ்சு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றவும்’ என்ற வரியைத் திருத்த வேண்டும். விதை ஊறியதும் வேகமாக மூச்சு விடத் தொடங்கும். அதற்குக் காற்று வேண்டும். மூழ்கிக் கிடந்தால் தோல் வெடித்து வெள்ளை முனை லேசாக எட்டிப்பார்க்கும், அதோடு நின்றுவிடும். நம் ரங்கூன் வெயிலில் மூன்றாம் நாளே தண்ணீர் கலங்கி நாற்றம் எடுக்கும்.

அந்தத் தவறையே சோதனையாக்கலாம். 3 கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் நான்காக மடித்த டிஷ்யூ, அதன்மேல் 10 பயறு. முதலாவதில் தண்ணீரே வேண்டாம். இரண்டாவதில் ஈரம் மட்டும்: டம்ளரைச் சாய்த்தால் சொட்டக் கூடாது, தொட்டால் விரலில் ஈரம் ஒட்ட வேண்டும். காலையும் மாலையும் தெளித்தால் போதும். மூன்றாவதில் பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒன்றை வெயிலிலும் ஒன்றை அலமாரியிலும் வைத்தால், வித்தியாசம் தண்ணீரால் வந்ததா வெளிச்சத்தால் வந்ததா என்று பிள்ளையால் சொல்ல முடியாது. ஒரே ஒரு விதையை மட்டும் போடாதீர்கள். அது பூச்சி அரித்ததாகவோ, எவ்வளவு ஊறினாலும் தண்ணீரை உள்ளே விடாத கல்பயறாகவோ இருக்கலாம். உடைத்த பருப்பும் ஆகாது, உடைக்கும்போதே முளைக்கரு உதிர்ந்துவிடும்.

வேர் வந்ததும் அதைச் சுற்றி வெண்பஞ்சு போல ஒன்று படரும். ‘பூசணம்’ என்று பெரியவர்கள் கொட்டிவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அது வேர்த்தூவி, வேர் தண்ணீர் உறிஞ்சும் மயிரிழை. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: தூவி வேரோடு ஒட்டிக் கண்ணுக்கு மறையும். பூசணம் அப்படி மறையாது. வேரோடு நிற்காமல் விதைத்தோலிலும் டிஷ்யூவிலும் பரவும், முடைநாற்றமும் வரும். மழைக்காலத்தில் டம்ளரை இறுக மூடினால் பூசணம் நிச்சயம்.

அடுத்ததாக, பெப்யோவுக்கு (பர்மிய அவித்த பட்டாணி) ஊறவைக்கும் பட்டாணியில் நாலைந்தையும் பாசிப்பயறையும் அரை அங்குல ஆழத்தில் மண்ணில் ஊன்றச் சொல்லுங்கள். பயறு கொக்கி போல் வளைந்த தண்டால் தன் இரு பருப்பையும் மண்ணுக்கு மேலே தூக்கிவரும். பட்டாணி பருப்பை உள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். துவரையும் கொண்டைக்கடலையும் பட்டாணி மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்து அச்சிடுங்கள். இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் பூசிய வயல் விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. சமையலறைப் பயறே போதும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
ரங்கூன்