முகத்தோடு குரலையும் குறிப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐஸ்வர்யா ராய் பற்றிய தங்கள் கட்டுரை 1994 உலக அழகிப் போட்டியை விரிவாகச் சொல்லிவிட்டு, அவருடைய முதல் படமான ‘இருவர்’ (1997) பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டது. அதில் புஷ்பவல்லி, கல்பனா என்ற இரு வேடங்களுக்கும் குரல் தந்தவர் நடிகை ரோகிணி. பின்னணிக் குரல் எளிய வேலையன்று. ப, ம ஒலிகளுக்கு உதடு மூடியாக வேண்டும். தமிழ் அறியாதவர் படப்பிடிப்பில் அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால், ஒலிப்பதிவுக் கூடத்தில் சொல்லையே மாற்ற நேரும். மூச்சும் தயக்கமும்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். பாதி நடிப்பு அங்கேதான் உருவாகிறது. இனி நடிகையரின் படப்பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு படத்துக்கும் எதிரே குரல் கலைஞரின் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.