குருவி பாக்க கமராவோட வாற தம்பி தங்கச்சிமாருக்கு

வணக்கம் பிள்ளையள்,

சரசாலை குருவிக்காடு, அரியாலை, மண்டைதீவு, அங்கால சுண்டிக்குளம் எண்டு லீவு நாளில மோட்டச்சைக்கிள்ள லென்ஸையும் கட்டிக்கொண்டு திரியிற உங்களைக் கண்டா எனக்குச் சந்தோஷம்தான். எங்கட வயசில நாங்கள் குருவிக்குக் கிட்டப் போனது கெற்றப்போலோட, அதால புத்தி சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒண்டும் இல்லை.

ஆனா போன மாசியில எங்கட வளவில நடந்ததைச் சொல்லவேணும். இடி விழுந்து வட்டுப்போன பனை ஒண்டு பின்பக்கம் நிக்குது, அந்தப் பொந்தில கிளி குஞ்சு பொரிச்சிருந்தது. ரெண்டு பொடியள் மரியாதையாக் கேட்டிட்டுத்தான் உள்ள வந்தவை. கிளி வெளிய வரேல்லை எண்டு முதல் பனையில தட்டினம், பேந்து ஃபோனில கிளிச்சத்தம் போட்டினம், தாய்க்கிளி வெளிய வந்து முக்கால் மணித்தியாலமாக் கத்திக்கத்திச் சுத்தினது. நான் ஏசப் போக, "ஒண்டும் நடக்காது அங்கிள், திரும்பி வரும்" எண்டினம். திரும்பி வந்ததுதான். அந்த "ஒண்டும் நடக்காது"க்குத்தான் இந்த மடல்.

எங்கட அம்மம்மா இடுப்பில ஒரு கொட்டைப்பெட்டி செருகி வச்சிருப்பா, சந்தைக்கும் அதுக்குள்ள இருந்துதான் காசு, பரியாரிக்கும் அதுக்குள்ள இருந்துதான். பறவையின்ர உடம்பும் அப்பிடித்தான். முட்டை, குஞ்சுக்குத் தீனி, வருத்தத்தோட சண்டை பிடிக்கிற சக்தி எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருந்துதான் போகுது. சுவிற்சர்லாந்தில சிட்டு மாதிரி ஒரு சின்னக் குருவியின்ர கூடுகளில வேணுமெண்டு குஞ்சைக் கூட்டி வச்சுப் பாத்தவை, 1995ல அந்த ஆய்வு வந்தது. கூடுதலான குஞ்சுக்கு ஓடியோடித் தீனி கொண்டுவந்த ஆண் குருவியளில மலேரியாக் கிருமி பிடிச்சதுகளின்ர பங்கு ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துது. (பயப்பிடாதேங்கோ, அது பறவை மலேரியா, எங்களுக்குத் தொத்தாது.) இதுக்கு மற்றப் பக்கமும் இருக்கு. பின்லாந்தில குஞ்சு வளர்க்கிற ஈபிடிப்பான் பெட்டையளுக்கு எங்கட பிள்ளையளுக்குப் போடுற ஏற்பூசி மருந்தைப் போட்டவை, அதில கிருமி இல்லை, உடம்பு சண்டைக்கு மட்டும் ஆயத்தமாகும். அவ்வளவுக்கே அதுகள் தீனி கொண்டுவாறது குறைஞ்சு, கூட்டை விட்டுப் பறந்த குஞ்சுகளும் குறைஞ்சு போச்சு. அப்ப தட்டித் தட்டிக் கலைக்கிறதும் அந்தப் பெட்டிக்குள்ள கை வைக்கிறதுதானே?

குஞ்சின்ர நிலைமை இன்னும் மோசம். முதல் கொஞ்ச நாளைக்கு தாய் மஞ்சள் கருவுக்குள்ள வச்சுக் குடுத்த எதிர்ப்புச் சக்திதான் அதுக்குக் காவல், சொந்தமா உண்டாக்கப் பழகிறது கூட்டுக்குள்ள இருக்கிற நாளிலதான். வாலடியில, எச்சம் போற வாசலுக்கு மேல, பர்சா எண்டு ஒரு சின்னப் பை இருக்கு, 1956ல அமெரிக்காவில கிளிக் எண்ட ஒருத்தர் கோழிக்குஞ்சில அதை எடுத்துவிட்டா நோய் எதிர்ப்புப் பொருள் சரியா உண்டாகாது எண்டு கண்டுபிடிச்சார். டொக்டர்மார் கதைக்கிற, அந்த எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிற பி செல்லில வாற "பி" இந்தப் பர்சாவின்ர பேர்தான், கோழியின்ர பின்பக்கத்தில இருந்து வந்த பேர் எண்டு ஆருக்குத் தெரியும். தாய் வெளிய நிக்க குஞ்சு பசியில கிடந்தாலோ, பயத்தில கோர்ட்டிகோஸ்டிரோன் எண்ட சுரப்பு ஏறிக்கொண்டே இருந்தாலோ இந்தப் பை வடிவா வளராது.

"இஞ்சத்த பறவையளுக்கு ஆக்கள் பழகீட்டுது" எண்டும் சொல்லுவியள். எக்குவடோரில ஹோட்சின் எண்டொரு பறவை. சுற்றுலா வள்ளம் போற இடத்தில பெரிய பறவையள் ஆக்களுக்குப் பழகித்தான் இருந்துது, கிட்டப் போகமட்டும் பறக்காது. ஆனா அதே இடத்தில குஞ்சுகள்தான் கூடச் செத்தது. படத்தில தாய் அமைதியா இருக்கிறதை வச்சு ஒண்டும் சொல்லேலாது.

மருந்தடிக்கிற தோட்டக்காரருக்கு வேற மடல் எழுதவேணும். தூக்கணாங்குருவி தான் நெல்லுத் திண்டாலும் குஞ்சுக்குக் குடுக்கிறது புழு பூச்சி, வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து அதையும் சேத்து எடுத்துப்போடுது. அது கிடக்கட்டும்.

உங்களிட்டக் கேக்கிறது கொஞ்சம்தான். கூடு தெரிஞ்சா ட்ரோனை விடாதேங்கோ. சத்தம் போட்டுக் கூப்பிடாதேங்கோ. மறைக்குது எண்டு கொப்பை முறிக்காதேங்கோ, அந்த நிழல்தான் குஞ்சை வெய்யிலில இருந்து காப்பாத்துது. பறவை தீனியை அலகில வச்சுக்கொண்டு கூட்டுக்குப் போகாம உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டா நீங்கள் கனக்கக் கிட்ட நிக்கிறியள், பின்னால போங்கோ. கூட்டுப் படம் போடேக்க இடத்தின்ர பேரைப் போடாதேங்கோ, அடுத்த ஞாயிறு இருபது பேர் வந்து நிப்பினம்.

அந்த ரெண்டு பொடியளும் இதை வாசிச்சா, கோவம் இல்லை தம்பியள், வாற மாசிக்கும் வாங்கோ. எங்கட குசினி யன்னலால பாத்தா பொந்து நேர தெரியும், உங்கட பெரிய லென்ஸுக்கு அந்தத் தூரம் காணும், தேத்தண்ணியும் தாறன்.