சுபமாக முடியும் மர்ம நாவல்களுக்காக ஒரு மடல்

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். காதலும் மர்மமும் கலந்த நாவல்கள் தரமற்றவை என்றும், ஜன்னலோர அலமாரியிலிருந்து அவற்றை இறக்கிவிட்டுப் போட்டித் தேர்வு நூல்களை அடுக்கலாம் என்றும் சென்ற கூட்டத்தில் நீங்கள் முடிவெடுத்ததாக அறிந்து, மிகுந்த வருத்தத்துடன் இதை எழுதுகிறேன். போட்டித் தேர்வு நூல்கள் அவசியம் வேண்டும். அவற்றுக்கு இடம் தேடுவதற்காக, ஊர்ப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கும் நூல்களை மூட்டை கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நூல்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேதிச் சீட்டில் இடம் தீர்ந்து, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தின் மூலையில் யாரோ பென்சிலால் "முடிவு சுபம்" என்று எழுதியிருப்பார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறுதான். ஆனாலும், முகமறியாத ஒரு வாசகி அடுத்து வருபவளுக்குச் சொல்லிவிட்டுப் போன ஆறுதலாகவே நான் அதைப் பார்க்கிறேன். என் தாயார் அந்த இரண்டு சொற்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் புத்தகத்தைப் பதிவு செய்யக் கொடுப்பார்.

அவர் கோத்தகிரிச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மாலையில் எடை போட்டு முடித்து, எதிரே கரடி நிற்குமோ காட்டெருமை நிற்குமோ என்ற அச்சத்துடன் மூடுபனியில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்தவர். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் அதில் என்ன மர்மம் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நானும் ஒருமுறை அம்மாவிடம் அதையே கேட்டேன். "வீடு போய்ச் சேந்துருவோம்னு தெரிஞ்சாத்தான், வழியில என்ன இருக்குன்னு நின்னு பாக்கத் தைரியம் வருது" என்றார்.

இவ்வகைக் கதையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: குற்றம் செய்தவர் யார் என்பது ஒன்று, அருகில் நிற்கும் இவனை நம்பலாமா என்பது மற்றொன்று. துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டால் போதும். இங்கோ, கதாநாயகி சொன்னதை ஊரே பொய்யென்று தள்ளியபோது யார் நம்பினார், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டபோது யார் எழுந்து வந்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தருகின்றன. ஆகவே கடைசி இரண்டு பக்கத்தில் அவசரமாக ஒரு தாலியைக் கட்டிவைத்தால் இந்த வாசகிகள் ஏமாற மாட்டார்கள். மிரட்டலையும் அதட்டலையும் காதல் என்று காட்டும் நாவல்களும் அந்த அலமாரியில் உண்டு; அவற்றை நீங்கள் விலக்கினால் நானே உடன் நின்று எடுத்துத் தருவேன்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. குறிஞ்சி நிலத்தில் வாழும் நாம், பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டை ஒருமுறை திறந்து பார்க்கலாம். 261 அடிகளில் கபிலர் பாடியிருப்பது என்ன? சீறி வரும் யானையிடமிருந்து ஒருத்தியைக் காப்பாற்றியவன், அருவி நீரைக் குடித்து உன்னைப் பிரியேன் என்று சூளுரைக்கிறான். அதன் பிறகு இரவுதோறும் மலைவழியில் வருகிறான். அந்த வழியில் உழுவையும் உளியமும் ஆமானும் களிறும் திரியுமே என்று அவள் கலங்குகிறாள். உழுவை என்பது புலி, உளியம் என்பது கரடி, ஆமான் என்பது காட்டுப் பசு. ஈராயிரம் ஆண்டுப் பழமை சொல்லும் அந்தப் பாட்டின் அச்சமும் என் தாயாரின் அச்சமும் ஒன்றுதான். ஊரறிய மணம் முடிப்பான் என்ற உறுதியையும் கபிலர் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அவருக்குத் தகுந்தது என்று நாம் கருதும் நூல் என்று அவர் சொல்லவில்லை.

எனவே, உங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுமாறும், அதற்கு முன் அந்த நூல்களை எடுக்கும் பெண்களில் நான்கு பேரையாவது கூட்டத்துக்கு அழைத்துக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பகலில் தோட்ட வேலை இருப்பதால், கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவர்களால் வர முடியும். என் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி