மைனஸ்னா தோத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கீழ் மூலையில நாலே நாலு வரி கோல்ஃப் நியூஸ் போட்டிருந்தீங்க, அதுல ஒருத்தர் இன்னொருத்தரை "3-2 என்ற கோல் கணக்கில்" வீழ்த்தினார்னு இருந்துச்சு. கோல்ஃப்ல ஏது சார் கோலு? பேர்ல பாதி அப்படி இருக்குன்னு போட்டுட்டீங்களா? அது மேட்ச் ப்ளேங்கற முறையில "3 அண்ட் 2", அதாவது மொத்தம் 18 குழியில இன்னும் 2 குழி பாக்கி இருக்கறப்பவே ஒருத்தர் 3 குழி முன்னாடி போயிட்டாரு, மிச்சம் ரெண்டையும் எதிராளி ஜெயிச்சாலும் எட்டிப் பிடிக்க முடியாது, அதனால 16வது குழியிலயே தொப்பிய கழட்டி கை குடுத்துட்டு கிளம்பிட்டாங்க, அவ்ளோதான் மேட்டர்.

இவன் யாருடா இதெல்லாம் பேசறதுக்குன்னு கேப்பீங்க. ஊட்டி கோல்ஃப் கோர்ஸ்ல ஒரு காலத்துல கேடியா இருந்தவன் (போலீஸ் லிஸ்ட்ல இருக்கற கேடி இல்ல, பை தூக்கற கேடி). கோல்ஃப் மட்டைய கையில பிடிச்சு ஆடினத விட மத்தவங்க அடிச்சத எண்ணினதுதான் ஜாஸ்தி, அதனால கணக்கு தப்பா வந்தா கண்ணு உறுத்துது.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான், ஸ்கோர் போடறப்ப அது எந்த முறை ஆட்டம்னு பக்கத்துல ஒரு வார்த்தை சேத்து போடுங்க. கிரிக்கெட்ல 180 ரன்னுன்னா அது டெஸ்ட்டா டி20யான்னு தெரியாம நல்ல ஸ்கோரா இல்லயான்னு சொல்ல முடியுமா, அதே கததான் இதுவும்.

2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தப்ப ஞாபகம் இருக்கா, நம்ம பெங்களூர் பொண்ணு அதிதி அசோக் மெடல் பக்கத்துல போயி, கோல்ஃப்னா என்னன்னே தெரியாதவங்க எல்லாம் காலங்காத்தால எந்திரிச்சு டிவி முன்னாடி உக்காந்தாங்க. எங்க பக்கத்து வீட்டு அக்கா "மைனஸ் 15ன்னு போட்டிருக்கானே, தோத்துட்டாளா"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, அது ஸ்ட்ரோக் ப்ளே, நாலு நாள் 72 குழி, எத்தன அடி அடிச்சாங்கன்னு மொத்தமா கூட்டறது. அந்த கோர்ஸ்ல 284 அடியில முடிக்கணும்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, அதுதான் பார், இந்தப் பொண்ணு 269லயே முடிச்சிட்டா, 15 அடி மிச்சம்னு சொன்னேன். தங்கம் வாங்கின நெல்லி கோர்டா 267. நாலு நாள்ல ரெண்டே ரெண்டு அடி வித்தியாசம், நம்ம பொண்ணுக்கு நாலாவது இடம், இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

ஆனா அமெரிக்காவுல நடந்த பாராகுடா சாம்பியன்ஷிப் மாதிரி ஒரு போட்டி நியூஸ் வந்தா இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அது மாடிஃபைட் ஸ்டேபிள்ஃபோர்ட், அடிக்கு பதிலா குழிக்கு குழி பாயிண்ட். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பார் உண்டு, அத விட ஒரு அடி கம்மியா முடிச்சா பேர்டி, அதுக்கு 2 பாயிண்ட், ரெண்டு அடி கம்மின்னா ஈகிள், அதுக்கு 5, பார் போட்டா முட்டை, ஒரு அடி ஜாஸ்தியானா போகி, அதுக்கு மைனஸ் 1, அதுக்கும் கீழ போனா மைனஸ் 3. இங்க ஜாஸ்தி பாயிண்ட் எடுத்தவர்தான் ராஜா, மைனஸ் வந்தா நிஜமாவே கெட்டதுதான்.

சாதாரண ஸ்டேபிள்ஃபோர்ட்தான் கேடிங்க எங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது, 1898லயே வேல்ஸ்ல ஒரு தடவ டெஸ்ட் பண்ணி பாத்து, அப்புறம் 1932ல இங்கிலாந்துல வாலசி கிளப்ல ஆரம்பிச்சதுதான் ஊரெல்லாம் பரவுச்சு. பாருக்கு 2, போகிக்கு 1, பேர்டிக்கு 3, போகிய விட மோசமா ஆடினா சைபர், சைபருக்கு கீழ கிடையாது. ஹேண்டிகேப்னு, ஆட்டத்துல கொஞ்சம் வீக்கானவங்களுக்கு குடுக்கற சலுகை அடிக் கணக்கும் உண்டு, அது 18 உள்ளவருக்கு குழிக்கு ஒரு அடி சலுகை. இதுல எங்களுக்கு என்ன லாபம்னா, ஸ்ட்ரோக் ப்ளே நாள்ல ஒரு குழியில எட்டு ஒம்போதுன்னு போனாலும் உள்ள போடற வரைக்கும் விடக் கூடாது, முள்ளு புதர்ல பந்து தேடி கையெல்லாம் கீறல், வீட்டுக்கு போக இருட்டிடும், ஸ்டேபிள்ஃபோர்ட் நாள்ல இந்தக் குழி போச்சுன்னு தெரிஞ்சதும் பந்த எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு அடுத்த குழிக்கு நடய கட்டிடுவாங்க. டாக்டர் கேடிங்களையும் நெனச்சுத்தான் கண்டுபிடிச்சாரோ என்னவோ.

மேட்ச் ப்ளேவுக்கு நம்ம ஊரு வாலிபால சொன்னா டக்குனு புரியும். ஒரு செட்ட 25-10ல தோத்தாலும் 25-23ல தோத்தாலும் ஒரு செட்டுதான போகுது, அதே மாதிரி ஒரு குழியில பத்து அடி அடிச்சாலும் ஒரு குழிதான் நஷ்டம். அமெரிக்கா டீமும் ஐரோப்பா டீமும் மோதற ரைடர் கப் பூரா இதுதான். முதல் ரெண்டு நாள் ஜோடி ஜோடியா, ஃபோர்சம்ஸ்னா ரெண்டு பேருக்கும் ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும், ஃபோர்பால்னா ஆளுக்கொரு பந்து, நல்லா ஆடினவர் கணக்குதான் சேரும். கடைசி நாள் 12 சிங்கிள்ஸ். எல்லாம் சேத்து 28 மேட்ச், ஜெயிச்சா 1, சமமானா அரை, 14.5 எடுத்தா கப்பு, கப்ப கையில வெச்சிருக்கறவனுக்கு 14 போதும்.

2025ல நியூயார்க் பெத்பேஜ்ல ஐரோப்பா 15-13ன்னு ஜெயிச்சப்ப ஆடாத மேட்சுக்கு அரை பாயிண்டான்னு நிறைய பேர் குழம்பிட்டாங்க. சிங்கிள்ஸுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் ஆளுக்கொரு கவர்ல தன் டீம் ஆள் ஒருத்தர் பேர எழுதி ஒட்டி குடுத்துடணும், எதிர் டீம்ல யாருக்காவது அடிபட்டு ஆட முடியலன்னா அந்த கவர்ல இருக்கற ஆளும் உக்காரணும், டீமுக்கு அரை பாயிண்ட். ஐரோப்பா டீம் ஹோவ்லாண்டுக்கு கழுத்து வலி, அமெரிக்கா கவர பிரிச்சா ஹாரிஸ் இங்கிலீஷ்ங்கற வீரரோட பேரு, பாவம் அந்த மனுஷன் நல்லா இருந்தும் ஆட முடியல. இந்த மாதிரி விஷயத்த ஒரு பெட்டி செய்தியா போட்டிருந்தா ஜனங்க ரசிச்சு படிச்சிருப்பாங்கல்ல சார்?

நாலு வரி நியூஸ்ல ஒரு நம்பருக்கு இவ்ளோ அலட்டலான்னு தோணலாம். 1968 மாஸ்டர்ஸ் போட்டியோட கடைசி நாள்ல டி விசென்ஸோங்கற அர்ஜென்டினா வீரர் 17வது குழியில 3 அடிதான் அடிச்சாரு, கூட ஆடினவர் கார்டுல 4ன்னு எழுதிட்டாரு, இவரும் பாக்காம கையெழுத்து போட்டுட்டாரு. அன்னிக்கு அடிச்ச 65, கார்டுல 66 ஆயிடுச்சு, கையெழுத்து போட்டா அதுதான் கணக்குன்னு ரூல், முதல் இடத்துல சமமா வந்து ப்ளேஆஃப் ஆட வேண்டியவருக்கு ரெண்டாவது இடம். உங்களுக்காவது மறுநாள் திருத்தம் போட இடம் இருக்கு.

அடுத்த ரைடர் கப் 2027 செப்டம்பர்ல அயர்லாந்து அடேர் மேனர்ல, அதுக்குள்ளயாவது அந்த கோல எடுத்துடுங்க.

இப்படிக்கு,
பழைய கேடி ஒருத்தன்,
ஊட்டி.