வெள்ளீயம் செய்த வேலை

அன்புள்ள மாப்ளே,

பத்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மொட்டை மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாம், நீயே விசாரி.

எனக்கு இப்போது பாஷாணத்தோடுதான் பிழைப்பு. சிரிக்காதே. பேரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த படிகம். இரும்பும் ஆர்சனிக்கும் ஓர் அடுக்கு, மேலே பேரியம், மறுபடி ஓர் அடுக்கு. பிளேடு நுனியை ஓரத்தில் கொடுத்தால் காக்காப்பொன் மாதிரி ஏடு ஏடாக உரியும்; உரிந்த பக்கம் கண்ணாடி போல மின்னும். 2008-இல் ம்யூனிக்கில் இதே படிகத்தில் பேரியத்தின் பத்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தை வைத்தார்கள். 38 கெல்வினில், அதாவது மைனஸ் 235 டிகிரி செல்சியஸில், மின்தடையே இல்லாமல் போனது; அதுதான் மீக்கடத்தல். இரும்புக்கும் மீக்கடத்தலுக்கும் ஆகாது என்று நாம் உருப்போட்டதெல்லாம் என்ன ஆயிற்று, பார்!

எதுவும் கலக்காத படிகத்தைக் குளிரவைத்தால் 140 கெல்வின் வாக்கில் சதுரம் லேசாகக் கோணிக்கொள்ளும், இரும்பின் காந்தமும் வரிசைக்கு வரும், மின்தடை சட்டென்று இறங்கும். எங்களுடையதோ 90-க்குப் பக்கத்தில், அதுவும் இறங்காமல் ஏறியது!

மூன்று வாரம் தூக்கமில்லை. வெப்பமானியை மாற்றினேன். வெள்ளிப் பசை வைத்து நான்கு கம்பிகளையும் புதிதாக ஒட்டினேன். மாணவன் "புதுசா ஏதோ புடிச்சிட்டோம் சார்" என்று குதிக்கிறான். உன்னிடம் மறைப்பானேன், கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

கடைசியில் பார்த்தால் வெள்ளீயம். அதை உருக்கித்தான் படிகத்தை வளர்த்தோம். நூற்றுக்கு ஒரு பங்கு போல உள்ளே புகுந்திருக்கிறது. இதையும் 2008-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். "முதல்ல பழசைப் படிடா" என்பாயே, அதேதான்.

இப்போது இரும்பு ஆர்சனைடையே உருக்கி அதில் வளர்க்கிறோம். வெளிச்சரக்கு எதுவும் இல்லை. ஆனால் பயம் உண்டு. ஆர்சனிக் 615 டிகிரி செல்சியஸில் உருகாமலே ஆவியாகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் குவார்ட்ஸ் குழாய் வெடிக்கும். போன செவ்வாய் ராத்திரி உலைக்குக் காவல் இருந்த பையன் போன் செய்து, "சார், பூண்டு வாசனை வருது" என்றான். ஆர்சனிக் வாசனை அதுதான். எனக்குக் கைகால் ஓடவில்லை. "எல்லாத்தையும் விட்டுட்டு வெளியே ஓடு" என்றேன். விசாரித்தால், வாட்ச்மேன் பூண்டு ஊறுகாய் பாட்டிலைத் திறந்திருக்கிறார். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ. அதிலிருந்து ராத்திரிக் காவல் என்னுடையது.

அடுத்த வாரம் அளக்கிறோம். 140-இல் இறங்கினால் போன் வரும். வராவிட்டால் மொட்டையிடம் சொல்லிச் சிரிக்காதே.

உன்,
பழைய சோம்பேறி